வாயிற்காவலனுக்கு ஒன்பது

வல்லத்தில் இளவரசி பிறந்த அன்று தொடங்கி மூன்று நாள் மழை விடாமல் கொட்டியது, ஏரி நிரம்பி வரப்பு மேலெல்லாம் கெண்டை துள்ளியது என்று அவளுடைய அப்பா சீனுவாசன் சொல்வார். அது சித்திரை மாதம், அந்த வருஷம் ஆடி வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை என்று ஊர் சொல்லும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், அன்று நாலு தூறல் போட்டிருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவும் ஊரும் ஒத்துப்போவார்கள். அந்தப் பெண் கட்டி வைத்த எதையும் பிரித்துப் பார்க்காமல் விட்டதே இல்லை. ஐந்து வயதில், சித்தியின் சீர்வரிசைத் தட்டில் மஞ்சள் காகிதம் சுற்றி வைத்திருந்த பெட்டியை மாப்பிள்ளை வீட்டார் கண்ணெதிரே பிரித்தாள். உள்ளே இருந்தது லட்டு. மேல் வரிசை நேற்றுப் பிடித்தது, கீழ் வரிசை போன வாரத்தது. அதையும் சத்தமாகச் சொன்னாள். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் சித்தி இன்றைக்கும் அவளுக்குக் கட்டு எதுவும் அனுப்புவதில்லை, கையில் திறந்தபடியேதான் கொடுப்பாள்.

இப்படிப்பட்ட கைக்கு ஏற்ற வேலை திண்டிவனத்தில் காத்திருந்தது. பி.காம். முடித்த கையோடு ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மாதிரி பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பதினாலு வருஷமாகிறது. கணவர் அன்புச்செல்வன் பஸ் டிப்போவில் மெக்கானிக். என்ஜினைத் திறக்காமலே சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்பவர். வீட்டில் அந்த வித்தை செல்லுபடியாகாது.

மல்லாட்டை மூட்டையின் வாய்க்கட்டைப் பிரித்தால் மேலாக இருப்பது எப்போதும் நல்ல காயாகத்தான் இருக்கும். எந்த விவசாயியும் அதை ஏமாற்று என்று நினைத்துச் செய்வதில்லை. விருந்தாளிக்கு நல்ல தட்டை எடுத்து வைப்பதைப் போலத்தான் அது. மற்ற மண்டிகளில் மேலே ஒரு பிடி அள்ளி, உடைத்து, பருப்பை எடை போட்டு, விலையை முடிவுசெய்யும் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். இளவரசி மேலே ஒரு பிடி எடுப்பாள், நடுவில் ஒரு பிடி எடுப்பாள், பிறகு தோள் வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து இரண்டு பிடி எடுப்பாள். அவளுடைய வலது கை இடது கையைவிட அரை விரற்கடை நீளம் என்று மண்டியில் ஒரு பேச்சு உண்டு. அளந்து பார்த்தவர் யாருமில்லை.

சேர்ந்த இரண்டாம் வருஷம் மண்டகப்பட்டிலிருந்து ஒரு சம்சாரி பதினாறு மூட்டை கொண்டுவந்தார். அடி வரைக்கும் முத்து முத்தான காய். மண்டி முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு நம்பர் கம்மியா சொல்லும்மா, அவருக்குத் தெரியவா போவுது" என்றார். இளவரசி வெளியே வந்து, உள்ளதை உள்ளபடி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். முதலாளி முறைத்தபோது அவள் சொன்ன பதில் இன்றும் அந்த மண்டியில் புழங்குகிறது.

"மூட்டைக்குள்ள கைய வுட்டது நானு. நம்பர் சொல்றதும் நானுதான்."

வேலையை விட்டு நிறுத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இந்தப் பெண் இருக்கும் மண்டியில் நம்பர் சரியாக இருக்கும் என்று மறுவாரமே வண்டி வண்டியாகச் சரக்கு வந்து இறங்கினால், எந்த முதலாளிதான் நிறுத்துவார்?

இவளுக்கும் சீட்டு விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், மண்டிக்குப் பக்கத்தில் சகாயராஜின் ஜெராக்ஸ் கடை இருந்ததுதான் சம்பந்தம். ஒரு நாள் பில் நகல் எடுக்கப் போனவள், கண்ணாடிப் பெட்டி மேல் சரம் சரமாகத் தொங்கிய பளபளப்பான பாக்கெட்டுகளைப் பார்த்தாள்.

"இன்னா சகாயம் இது, ஊறுகா பாக்கெட்டு மாரி?"

"சீட்டுக்கா. குகைக்கோட்டைன்னு ஒரு வெளையாட்டு, பாண்டிச்சேரில அச்சடிக்கிறாங்க. ஒரு பாக்கெட்டுல எட்டு சீட்டு. பசங்க வாங்கிப் பிரிச்சி, ஜிகினா சீட்டு வந்தா வச்சிக்கினு மீதிய பஸ் ஸ்டாண்டுலயே கடாசிட்டுப் போறாங்க."

"உள்ள இன்னா கீதுன்னு தெரியாமலா வாங்குறாங்க?"

"அதாங்க்கா வெளையாட்டே."

பிரிக்காத பாக்கெட், உள்ளே என்னவென்று தெரியாத சரக்கு. இளவரசிக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? அன்று நகல் எடுக்கப் போனவள் பன்னிரண்டு பாக்கெட்டைப் பிரித்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினாள்.

விளையாட்டு கடினமானதில்லை. ஆளுக்கு ஒரு கோட்டை, அதற்கு இருபது கல். எதிராளியின் கல்லையெல்லாம் உதிர்த்தால் வெற்றி. முதல் சுற்றில் ஒரு தீவட்டி கிடைக்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படிச் சுற்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். சீட்டை இறக்கத் தீவட்டிதான் விலை. சிறிய சீட்டுக்கு ஒன்று, பெரிய சீட்டுக்கு ஐந்து, ஆறு. தொடங்கும்போது கையில் ஐந்து சீட்டு, பிறகு கட்டு தீரும் வரை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எடுக்க வேண்டும். சுற்று முடியும்போது கையில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சியதைப் பள்ளத்தில் போட்டுவிட வேண்டும். பள்ளத்தில் விழுந்தது போனதுதான்.

போனதை மீட்க ஒரே ஒரு சீட்டுதான் உண்டு. அதன் பெயர் வாயிற்காவலன். மண்டகப்பட்டுக் குகை வாசலில் கதாயுதத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், கிட்டத்தட்ட அவரைப் பார்த்து வரைந்த படம். விலை ஒரு தீவட்டி. அடி ஒன்று. மூன்று அடி தாங்குவார். இறங்கும்போது பள்ளத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார். ஜிகினா கிடையாது, பாக்கெட்டுக்கு ஒன்று தவறாமல் வரும். பஸ் ஸ்டாண்டில் பசங்க முதலில் கடாசுவது இவரைத்தான்.

புதிதாக ஆடுபவர்களுக்கென்று கம்பெனி ஒரு பெட்டி விற்றது. பெயரே 'முதல் பெட்டி'. முப்பது சீட்டு, அதில் இரண்டு இரும்பு யானை, நாலு வாயிற்காவலன். இளவரசி அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு சகாயராஜோடு முதல் ஆட்டம் ஆடினாள். இரண்டாவது சுற்றிலேயே இரும்பு யானை கைக்கு வந்தது. ஆறு தீவட்டி விலை, ஏழு அடி. கொஞ்சம்கூட யோசிக்காமல் அதைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பொங்கல் விடுமுறையில் பாயை விரித்துப் போட்டு ரம்மி ஆடிப் பழகிய கை அது. ரம்மியில் ராஜா, ராணியைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றால் தலைக்குப் பத்துப் பாயிண்ட் ஏறும். பெரிய சீட்டை முதலில் கழி என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் பல்லு விளக்கக் கற்றுக்கொள்ளும்போதே கற்றுக்கொண்டுவிடும். இந்த விளையாட்டிலோ பெரிய சீட்டுதான் கடைசியில் காப்பாற்ற வேண்டியது. ஆறாவது சுற்றில், கையில் ஆறு தீவட்டியும் இறக்க ஒன்றுமில்லாத கையுமாக அவள் உட்கார்ந்திருந்தபோதுதான் தான் செய்தது புரிந்தது. அடுத்த சீட்டை எடுத்தாள். வாயிற்காவலன். அவரை இறக்கினாள். அவர் பள்ளத்துக்குள் கையை விட்டு யானையை எடுத்துக் கொடுத்தார்.

அவள் செய்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சகாயராஜ் கடையில் வியாழக்கிழமை மதியம் ஒரு மேசை உருவானது. மண்டியில் காய் உடைக்கிற பெண்கள், சோத்து மூட்டையைப் பிரித்துக்கொண்டே ஆடுவார்கள். விழுப்புரத்தில் பெரிய சங்கம் ஒன்று இருந்தது. டுட்டோரியல் சென்டர் நடத்தும் ஜெகதீசன் அதன் தலைவர். அவர்தான் திண்டிவனத்து மேசைக்கு நாலு முதல் பெட்டியை இரவல் கொடுத்திருந்தார். வந்த பெண்கள் எல்லாரும் முதல் ஆட்டத்தில் யானையைப் பள்ளத்தில் போட்டார்கள். ஒருத்திகூடத் தப்பவில்லை. ஆனால் ஒருத்திகூட முதல் நாளோடு நின்றுவிடவுமில்லை. ஏன் என்று இளவரசிக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் அடி மூட்டைக்குக் கையை விடுகிறவள் அவள். வேண்டுமென்றே மோசமான கைகளாக ஐம்பது பொறுக்கி, ஒவ்வொன்றையும் காவலனை வைத்து ஒரு தரம், காவலனை எடுத்துவிட்டு ஒரு தரம் ஆடிப் பார்த்தாள். காவலன் இல்லாமல் நாற்பத்தொன்று அரைவழியில் செத்தது. காவலன் இருந்தபோது பதினேழுதான் செத்தது.

இந்த நேரத்தில்தான் பாண்டிச்சேரிக் கம்பெனியிலிருந்து விழுப்புரம் சங்கத்துக்குத் தாள் வந்தது. முதல் பெட்டியை மாற்றப்போகிறோம், நாலு வாயிற்காவலனை எடுத்துவிட்டு நாலு இரும்பு யானையை வைக்கலாமா? உங்கள் மாவட்டத்து ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் வாயிற்காவலனுக்குப் பத்துக்கு எத்தனை என்று போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். எல்லாரும் ஒரே மாதிரி போட்டால் அப்படியே ஏற்போம். ஒருவர் மாறினாலும் காரணத்தை எழுதுங்கள், படித்துப் பார்த்து முடிவு செய்வோம்.

விழுப்புரத்தில் பதினோரு பேர் இரண்டு போட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் இளவரசி.

ஜெகதீசன் போன் செய்தார். "மேடம், தாளு வந்துச்சி. ஒம்பதுன்னு விழுந்திருக்குது. கை தவறிடுச்சின்னு நெனைக்கிறேன்."

"தவறல சார். ஒம்பதுதான்."

"பத்துக்கு ஒம்பதா?"

"பின்ன, இருவதுக்கா போடச் சொன்னீங்க?"

அவர் குரல் வகுப்பு எடுக்கும் குரலாக மாறியது. "சங்கம்னா ஒரே முடிவுதாம்மா. ரெண்டுன்னு மாத்தி வேற தாளு அனுப்பிடுங்க. இல்லன்னா ஒங்க பேர சங்க லிஸ்ட்லேர்ந்து எடுக்கறதத் தவிர வழியில்ல. அந்த நாலு பொட்டியும் சங்கத்துது, ஞாபகம் வச்சிக்குங்க."

பெட்டி போனால் வியாழக்கிழமை மேசை போயிற்று. சொந்தக் காசில் வாங்கினாலும், புதிய பெட்டியில் காவலன் இருக்கமாட்டார். முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்விவிட்டு அந்தப் பெண்கள் ரம்மிக்கே திரும்பிவிடுவார்கள். இதெல்லாம் இளவரசிக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது. புரிந்தும் அவள் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஞாயித்துக்கெழம வர்றேன் சார். இந்த வெளையாட்ட கண்ணாலயும் பாக்காத ஆளு ஒண்ணு கூட்டிக்கினு வர்றேன். நீங்களே வெதிமுறை சொல்லிக்குடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். காவலன எடுத்துட்டு யானை வச்ச பொட்டியில ஒரு ஆட்டம், காவலன் இருக்கிற பொட்டியில ஒரு ஆட்டம். ரெண்டாவது ஆட்டம் மூணு சுத்தாவது கூட நிக்கலன்னா, அங்கயே ரெண்டுன்னு போட்டு கையெழுத்துப் போட்டுடறேன்."

"நின்னா?"

"நீங்க ஒம்பதுன்னு போடணும்."

ஜெகதீசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கண்ணால் பார்க்காத ஆள் என்றால் மண்டியில் ஒருத்திதான் பாக்கி. கோவிந்தம்மாள். ஐம்பது வயது, காய் உடைப்பதில் புலி. அவள் ஒரு மணி நேரத்தில் உடைத்த காயின் தொலியைக் குவித்து வைத்தபோது, பின்னாலிருந்த லாரி தெரியாமல் டிரைவர் லாரி திருட்டுப் போய்விட்டதென்று கூச்சல் போட்டதாகச் சொல்வார்கள். ரம்மியில் அவளை ஜெயித்தவர் திண்டிவனத்தில் கிடையாது. வியாழக்கிழமை மேசையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"பொம்ம படம் போட்ட சீட்டெல்லாம் நான் தொட மாட்டேன். ஆடுனா ஆட்டின் இஸ்பேடு ஆடணும்."

"ஒரே ஒரு நாளுக்கா. விழுப்புரம் போய்ட்டு சாய்ங்காலத்துக்குள்ள வந்துடலாம்."

"பரோட்டா வாங்கித் தருவியா?"

"தரேன்."

"எத்தினி?"

"துண்ற வரைக்கும்."

"அப்பறம் ஏன் நின்னுக்கினு கீற? ஜல்தி பஸ்ஸ பாரு."

டுட்டோரியல் சென்டரின் மாடி அறையில் ஞாயிறு காலை பதினோரு பேரும் கூடியிருந்தார்கள். கரும்பலகையில் ஜெகதீசன் பெரிய கட்டம் போட்டு வைத்திருந்தார். எல்லாச் சீட்டின் பெயரும், அடியும், விலையும், அடியை விலையால் வகுத்த விடையும் அதில் இருந்தன. வாயிற்காவலன் கடைசி வரியில் இருந்தார்.

"எல்லாரும் பாருங்க," என்று குச்சியால் தட்டினார் ஜெகதீசன். "ஒரே ஒரு அடி. இத எறக்குற எடத்துல வேற எதுவேணா எறக்கலாம். பள்ளத்துலேர்ந்து எடுத்துத் தருதாம். பள்ளத்துல இன்னா இருக்கும்? வேணாம்னு போட்ட குப்ப இருக்கும். குப்பைய எடுத்துத் தர்றதுக்கு ஒரு ஆளு. யானைய எவனாவது பள்ளத்துல போடுவானா?"

அறை சிரித்தது. இளவரசி தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் போட்டேன் சார்."

சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு இரண்டு மடங்காக வந்தது. ஜெகதீசன் கையை உயர்த்தி அடக்கினார். "அப்ப ஒங்களுக்கு வெளையாடத் தெரியலன்னு அர்த்தம் மேடம்."

"ஆமா சார். அன்னிக்கி தெரியல. தெரியாதவங்களுக்குன்னுதான் பொட்டி மேல முதல் பெட்டின்னு போட்டுருக்குது? எல்லாந் தெரிஞ்ச பதினோரு பேரு ஒக்காந்து அதுக்கு மார்க் போட்டா எப்டி? நல்லா நீந்துறவங்கள கூப்ட்டு டியூபுக்கு மார்க் போடச் சொன்னா ரெண்டுதான் போடுவாங்க."

பதினோரு பேரில் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான். அவன்தான் பூவரசன், செல்போன் ரிப்பேர் கடைக்காரன், சங்கத்தின் முதல் ஆட்டக்காரன். கோவிந்தம்மாளோடு ஆட வேண்டியவனும் அவன்தான். அவனுக்கும் சாதாரண முதல் பெட்டியே.

ஜெகதீசன் விதிமுறைகளைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. கோவிந்தம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "புரிஞ்சிதாம்மா?" என்றதற்கு, "இதுல புரியறதுக்கு இன்னா கீது? அவன் கல்ல தள்ளணும், அவ்ளோதான? போடு" என்றாள்.

முதல் ஆட்டம் காவலன் இல்லாத பெட்டியில். ஆறு இரும்பு யானைகள். முதல் சுற்று முடிவில் ஒரு சீட்டு மிஞ்சியது. கோவிந்தம்மாள் கையை விசிறி போல் விரித்துப் பார்த்து, எண்களை உதடு அசையப் படித்து, இருப்பதிலேயே பெரியதை உருவிப் பள்ளத்தில் போட்டாள். யானை. மூன்றாவது சுற்றில் இன்னொரு யானை. நான்காவதில் இன்னொன்று. ஜெகதீசனுக்குக் கண் தெறித்துவிடும் போலிருந்தது.

"அம்மா, அது பெரிய சீட்டுமா!"

"தெரியுதுப்பா, கண்ணு நல்லாத்தான் கீது. பெருச கையில வச்சிக்கினு குந்திக்கினு இருந்தா, அவன் டிக்கு அடிச்சான்னா பாயிண்ட்டெல்லாம் ஏறிப்பூடும். யாரு கட்டறது?"

இளவரசி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்துவிடுவாள் என்பதும் ஒரு காரணம். ஏழாவது சுற்றில் கோவிந்தம்மாளிடம் ஏழு தீவட்டியும், கையில் மூன்று சுண்டெலிச் சீட்டும் இருந்தன. பூவரசன் கடைசிக் கல்லை உதிர்த்தான். கோவிந்தம்மாள் சீட்டை மேசையில் எறிந்துவிட்டு எழுந்தாள்.

"பேஜாரு புடிச்ச ஆட்டம். வா, பரோட்டா துண்ணப் போலாம்."

"யக்கா, இன்னும் ஒண்ணு பாக்கி கீது."

"நீயே ஆடு."

"பரோட்டாவுக்குத் தொட்டுக்க சேர்வாவும் உண்டுக்கா."

கோவிந்தம்மாள் உட்கார்ந்தாள். இரண்டாவது ஆட்டம், காவலன் இருக்கும் பெட்டி. இரண்டே யானை. இரண்டையும் நாலாவது சுற்றுக்குள் பள்ளத்தில் போட்டுவிட்டாள். ஐந்தாவது சுற்றில் காவலன் வந்தார். அவரை இறக்கிவிட்டுப் பள்ளத்தைக் கிளறியபோதுதான் அவள் கை நின்றது. மிச்சமிருந்த நாலு தீவட்டியைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்த யானையைப் பார்த்தாள். அடுத்த சுற்றில் ஆறு தீவட்டி வரும் என்பதை விரல் விட்டு எண்ணினாள்.

"அட இவனே!" என்றாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. "பெருசு பின்னாடி ஒதவுமா இதுல? இத மொதல்ல ஏன்டா சொல்லல?"

"சொன்னேனேம்மா," என்றார் ஜெகதீசன் பாவமாக. உண்மையாகவே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை.

ஆறாவது சுற்றில் யானை இறங்கியது. எட்டாவதில் இன்னொரு காவலன் இன்னொரு யானையைத் தூக்கிக் கொடுத்தார். பூவரசன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். ஜன்னல் பக்கம் நின்றவர்கள் மேசைப் பக்கம் வந்தார்கள். பதினாலாவது சுற்றில்தான் அவனால் முடிக்க முடிந்தது. அப்போது அவனுடைய கோட்டையில் இரண்டே கல் மிச்சம்.

"தோத்துட்டாங்க!" என்று ஜெகதீசன் குச்சியைக் கீழே வைத்தார். "அதுலயும் தோல்வி, இதுலயும் தோல்வி. இன்னா வித்தியாசம்?"

"ஏழு சுத்து வித்தியாசம். மூணுன்னுதான் பேச்சு."

"தோல்வி தோல்விதான மேடம்?"

இளவரசி பதில் சொல்வதற்குள் மேசையில் பட்டென்று ஒரு சத்தம். கோவிந்தம்மாள் சீட்டுக்கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய் தம்பி, எங்கடா எழுந்திரிக்கிற? ரெண்டு கல்லு வச்சிக்கினு தப்பிச்சிடலாம்னு பாக்குறியா? ஒக்காரு. போடு இன்னொண்ணு."

"யக்கா, பரோட்டா?"

"பரோட்டா ஓடியா பூடும்?"

மூன்றாவது ஆட்டம் பேச்சில் இல்லாத ஆட்டம். யாரும் கேட்காத ஆட்டம். கோவிந்தம்மாள் இம்முறை யானையைக் கையோடு அணைத்து வைத்துக்கொண்டாள். சுற்று முடிவில் மிஞ்சியபோது அவள் பள்ளத்தில் போட்டது வாயிற்காவலனை. அடுத்த சுற்றில் இன்னொரு வாயிற்காவலனை. ஆறாவது சுற்றில் யானை, ஏழாவதில் இன்னொரு யானை. பதினோராவது சுற்றில் பூவரசனின் கோட்டையில் கல் இல்லை. அறையில் யாரோ கைதட்டத் தொடங்கி, தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆனால் தலைவரின் முகம் மலர்ந்துதான் இருந்தது. அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. பள்ளத்திலிருந்து இரண்டு காவலன்களையும் எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தீங்களா? ஜெயிச்ச ஆட்டத்துல இது குப்பையில கெடக்குது! அவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க. வந்து மூணு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள அவங்களுக்கே தெரிஞ்சிபோச்சி இது தண்டம்னு. இன்னும் ஒம்பதா?"

அறை அவர் பக்கம் சாய்ந்தது. நியாயமாகத்தான் பட்டது. பூவரசன்கூட இளவரசியைப் பார்த்தான், என்ன சொல்லப்போகிறாள் என்று.

இளவரசி எழுந்து வந்து அந்த இரண்டு சீட்டையும் அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அதுக்குத்தான் சார் ஒம்பது. இன்னும் இவன் தோள புடிச்சிக்கினேதான் அவங்க ஆடணும்னு இருந்தா நானே அஞ்சுதான் போட்டிருப்பேன். ஒரே ஆட்டத்துல தப்ப எடுத்துக் கையில குடுத்தான். அடுத்த ஆட்டத்துல 'போயிட்டு வா'ன்னு அனுப்பினா போயிட்டான். ஒங்க பொட்டியில இப்டி வேற எவன் கீறான், காட்டுங்க?"

"அந்த ஒரு மார்க்க ஏன் கொறச்சீங்க அப்ப?" என்று பின்னாலிருந்து ஒருவர் நக்கலாகக் கேட்டார்.

"படத்துல கதாயுதத்த எடது கையில குடுத்துட்டாங்க. மண்டகப்பட்டுல நான் நேர்ல பாத்திருக்கேன், அப்டி இல்ல."

உண்மையில் மண்டகப்பட்டுக் குகையில் எப்படி இருக்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் நினைவில்லை. எனவே யாராலும் மறுக்க முடியவில்லை. இளவரசிக்கும் அவ்வளவாக நினைவில்லை என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது.

ஜெகதீசன் பேனாவை எடுக்கவில்லை. பேச்சு பேச்சுதானே என்று ஒருவர் முனகியதையும் காதில் வாங்கவில்லை. "பதினோரு பேரு சொல்றது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. கடைசியா கேக்குறேன். ரெண்டு போடுறீங்களா, பேர எடுத்துடவா?"

"எடுத்துடுங்க சார்." அவள் கைப்பையிலிருந்து நாலு முதல் பெட்டிகளையும் எடுத்து மேசையில் அடுக்கினாள். கேட்பார்கள் என்று தெரிந்தே காலையில் கொண்டுவந்திருந்தாள். "மூட்டைக்குள்ள கைய வுட்டது நானு. நம்பர் சொல்றதும் நானுதான்."

தாளில் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. அதற்குக் கீழே காரணம் என்ற இடத்தில், மூன்று ஆட்டத்தையும் நடந்தபடியே எழுதினாள். தான் யானையைப் பள்ளத்தில் போட்டதையும் முதல் வரியாக எழுதினாள். கோவிந்தம்மாள் பேனாவைப் பிடுங்கி, பக்கத்தில் 'மா. கோவிந்தம்மாள், ஜெயிச்சவள்' என்று கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். அது செல்லுமா செல்லாதா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. சங்கம் பெயரை எடுத்தாலும் கம்பெனிக்கு நேரே போகட்டுமென்று, இளவரசியே அந்தத் தாளைப் பாண்டிச்சேரிக்குத் தபாலில் போட்டாள்.

படியிறங்கும்போது பூவரசன் பின்னாலேயே வந்தான். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை. "அம்மா, வியாழக்கெழம எத்தினி மணிக்கி ஆடுவீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"சோறு துண்ற நேரம். சோத்த எடுத்துக்கினு வா. எங்க சோத்துல கைய வச்சா வெட்டிடுவேன்," என்றாள் கோவிந்தம்மாள். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் அவள் எத்தனை பரோட்டா சாப்பிட்டாள் என்பதில் இரண்டு கணக்கு உண்டு. இளவரசி ஒன்பது என்பாள். கோவிந்தம்மாள் ஏழுதான் என்பாள். இந்த ஒரு விஷயத்தில் இளவரசியின் நம்பரை நம்ப வேண்டாம்.

இரவல் பெட்டி போய்விட்டது. ஆனாலும் அந்த வியாழனும் மேசை கூடியது. பசங்க பஸ் ஸ்டாண்டில் கடாசிவிட்டுப் போன சீட்டுகளை இளவரசி ஒரு வருஷமாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து ஆறு பெட்டிக்குச் சீட்டு தேறியது. யானைக்குத்தான் பஞ்சம். அட்டையை வெட்டி சகாயராஜ் பேனாவால் வரைந்து கொடுத்தான். பார்க்க எருமை மாதிரி இருந்தது, அடி ஏழுதான்.

பங்குனியில் புதிய முதல் பெட்டி வந்தது. சகாயராஜ் மண்டிக்கே ஓடிவந்து கூப்பிட்டான். இளவரசி கையில் ஒட்டிய மண்ணோடு போய்ப் பெட்டியைப் பிரித்தாள். மேலே இருந்ததைப் பார்க்கவில்லை, கட்டைக் கவிழ்த்து அடியிலிருந்து எண்ணினாள். வாயிற்காவலன் இருந்தார். நாலு இல்லை, மூன்று. யானை மூன்று. கூடவே மடித்து வைத்திருந்த தாளில் ஒவ்வொரு சீட்டுக்கும் கம்பெனி மதிப்பெண் அச்சடித்திருந்தது. வாயிற்காவலனுக்கு ஆறு.

"ஆறு வந்துச்சேக்கா! ரெண்டு எங்க, ஆறு எங்க. ஜெயிச்சிட்டீங்க!" என்றான் சகாயராஜ்.

இளவரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஆறுன்னா போட்டேன்?"

கல்லா மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். அச்சடித்த ஆறை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ஒன்பது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். பிறகு அடுத்த பெட்டியைப் பிரித்தாள்.

"யக்கா, யக்கா! விக்கிற சரக்குக்கா! கம்பெனிக்காரன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"திண்டிவனத்துல கேக்கச் சொல்லு. மல்லாட்டை மண்டின்னா யார்னா வழி காட்டுவாங்க."

இருபது பெட்டியையும் பிரித்தாள். இருபது ஆறையும் அடித்தாள். ஒவ்வொரு பெட்டியையும் மூடும் முன், கடை மூலையில் வைத்திருந்த சீட்டுச் சாக்குக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு வாயிற்காவலனை எடுத்து, மூன்றை நாலாக்கி உள்ளே வைத்தாள்.